பூங்காவனத்தின் நூற்று மூன்று டிகிரி

மந்தாரப்பட்டிக்காரர்கள் சொன்ன சொல்லை மீறாதவர்கள். அந்த ஊருக்கு இதுவரை வந்த தொல்லைகள் எல்லாம் அதனால் வந்தவையே.

ஊரின் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கணினி வந்து பதினைந்து நாள் ஆகியிருந்தது. நோயாளிகளின் விவரம் அனைத்தும் இனி அதில்தான். பதிவெழுத்தர் அழகேசன் தினமும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் அதன் முன் உட்காருவார். டாக்டரம்மா மாவட்டக் கூட்டத்துக்குப் புறப்படும்போது அவரிடம் சொல்லிவிட்டுப் போனார்.

"கணினியில இருக்கற ஆளும் எதிர்ல நிக்கற ஆளும் ஒண்ணுதானான்னு பாக்காம யாருக்கும் எதுவும் குடுக்காதீங்க. பூங்காவனம் வருவாங்க. காய்ச்சல் இல்லேன்னா, நான் கையெழுத்துப் போட்டு மேஜை மேல வெச்சிருக்கற சான்றிதழ்ல பேரை எழுதிக் குடுங்க."

பூங்காவனம் பள்ளிக்கூடச் சத்துணவுக்குச் சமைப்பவர். பத்து நாள் காய்ச்சலில் கிடந்து எழுந்தவர். மறுநாள் காலை சான்றிதழ் வராவிட்டால் வேறு ஆளை அமர்த்திக்கொள்வதாகத் தலைமையாசிரியர் சொல்லியிருந்தார். ஆகவே பதினோரு மணிக்கே தலை வாரி, பூ வைத்துக்கொண்டு வந்து நின்றார்.

அழகேசன் திரையைப் பார்த்தார்; பூங்காவனத்தைப் பார்த்தார்; மறுபடி திரையைப் பார்த்தார்.

"இதுல காய்ச்சல் நூற்று மூணு, எடை நாற்பத்தெட்டு, இருமல் உண்டுன்னு இருக்கு. உங்க காய்ச்சல் எங்கம்மா?"

"போயிடுச்சுங்க."

"எங்கே போச்சு?"

பூங்காவனம் யோசித்தார். "தெரியலீங்களே. வீட்டுல வேணா பாத்துட்டு வரட்டுமா?"

நர்ஸ் செண்பகம் எடை பார்த்தார். ஐம்பத்தொன்று.

"அப்ப இது வேற ஆளு," என்றார் மருந்தாளுநர் மாசிலாமணி. "மூணு கிலோ அதிகமா வந்திருக்கு."

"முகம் அவங்க முகமாத்தான் இருக்கு, அண்ணே," என்றார் செண்பகம்.

"முகத்துக்கு ஏதாவது கட்டம் இருக்கா அதுல?"

அழகேசன் திரை முழுவதும் தேடினார். முகத்துக்குக் கட்டம் இல்லை.

பூங்காவனத்துக்குக் கண் கலங்கியது. "சார், நான் பூங்காவனம் இல்லேன்னா என் வேலைக்கு நான் எப்படிப் போவேன்?"

அழகேசன் இளகிய மனம் படைத்தவர். கணினியைத் திருத்துவது அவருக்குத் தோன்றாத காரியம்; ஆளைத் திருத்திவிடலாம் என்று முடிவு செய்தார்.

எடையில் சிரமம் இருக்கவில்லை. மாசிலாமணியும் செண்பகமும் ஆளுக்கொரு கையைப் பிடித்துத் தூக்க, அழகேசன் குனிந்து முள்ளைப் பார்த்தார். "இன்னும் கொஞ்சம். நாற்பத்தெட்டு. அதுக்கு மேல தூக்காதீங்க, செத்துப்போவாங்க."

இருமலுக்கு ஒரு சிட்டிகை மிளகுப்பொடியே போதுமானதாக இருந்தது. காய்ச்சல்தான் பிடிவாதம் பிடித்தது. இரண்டு கம்பளியைப் போர்த்தி முற்றத்து வெயிலில் அரை மணி நேரம் உட்கார வைத்தும் தொண்ணூற்றொன்பதைத் தாண்டவில்லை. பூங்காவனம் வாடிப்போனதைக் கண்டு செண்பகம் ஆவி பறக்கச் சுக்குக் காப்பி கொடுத்தார். குடித்த வாயில் தெர்மாமீட்டரை வைத்ததும் நூற்று மூன்று.

"பூங்காவனமேதான்," என்று அழகேசன் எழுந்து கும்பிட்டார். "எப்ப வந்தீங்க?"

இனிச் சான்றிதழ்தான் பாக்கி. பேனாவைத் திறந்த அழகேசனின் கை அப்படியே நின்றது.

"இதுல, இவருக்குக் காய்ச்சல் இல்லை, நாளை முதல் சமைக்கலாம்னு இருக்கு. இவங்களுக்கு நூற்று மூணு அடிக்குதே."

மூவரும் வெகுநேரம் ஆலோசித்தார்கள். சான்றிதழ் கொடுத்தே ஆக வேண்டும். டாக்டரம்மா கையெழுத்து வீணாகக் கூடாது. காய்ச்சல் இல்லாதவருக்குத்தான் கொடுக்க வேண்டும். வரிசையாகத் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்ததில், காய்ச்சல் துளியும் இல்லாதவர் அழகேசன் என்று தெரிந்தது. அவர் தம் பெயரை அழகாக எழுதிக்கொண்டார். பூங்காவனத்தைக் கட்டிலில் சேர்த்தார்கள்.

மறுநாள் அழகேசன் நீட்டிய சான்றிதழைத் தலைமையாசிரியர் இரண்டு முறை படித்தார். முத்திரை சரியாக இருந்தது. "பருப்பை ஊறப் போடுங்க," என்றார்.

மதியம் அழகேசன் தம் கையால் வைத்த சாம்பாரைத் தூக்கில் ஊற்றி எடுத்துக்கொண்டு பூங்காவனத்தைப் பார்க்க வந்தார். பூங்காவனம் ஒரு வாய் சுவைத்துவிட்டு, "உப்பு போதாதுங்க," என்றார்.

அப்போது செண்பகம் தெர்மாமீட்டரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துப் பதறினார். "அண்ணே, நூறுக்கு வந்துட்டாங்க. ஆள் மாறிக்கிட்டே இருக்காங்க."

பூங்காவனம் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு தம்ளரை நீட்டினார்.

"சுக்குக் காப்பியைச் சீக்கிரம் ஊத்தும்மா. வேலை போனாப் போகுது, நானாவது நானா இருக்க வேணாமா?"