காத்து தின்ன கிராஃபைட்

ரஞ்சிதம் படிச்சது பத்தாவது. அணு உலைக்குப் பின்னாடி இருக்கிற சோதனைக்கூடத்துல கிராஃபைட்டைச் சுட்டுப் பாக்குறது அவ வேலை. அவகிட்ட பாடம் கேக்க வர்ற சிஷ்யர் தணிகாசலம், ரெண்டு டிகிரி இன்ஜினியர், அவளைவிட இருபது வயசு மூத்தவர்.

அன்னிக்கு ஒரு காகிதத்தோட ஓடி வந்தாரு.

"வாத்தியாரம்மா, போன வாரம் சூடான உலைக்குள்ள காத்து புகுந்துச்சுல்ல? கிராஃபைட் கட்டையெல்லாம் நல்லாருக்குன்னு நான் கையெழுத்துப் போடணுமாம். நாளைக்கே உலையை ஓட்டணுமாம்."

ரஞ்சிதம் டைரக்டர் மாதிரியே தொப்பையைத் தள்ளிக்கிட்டு மூக்காலயே பேசிக் காமிச்சா. "'மூவாயிரம் டிகிரியிலயும் உருகாதுய்யா! கேமராவுல பாத்தாச்சு, ஒரு விரிசல் இல்லய்யா!'"

தணிகாசலம் சிரிப்பை அடக்கிக்கிட்டாரு. "டைரக்டர் அப்படியேதான் சொன்னாரு. அதுல பொய் என்ன இருக்கு?"

"பொய்யே இல்ல சார்." விரல் தடிமன்ல ரெண்டு கிராஃபைட் கம்பியை எடுத்து வச்சா. "இதுல எது புதுசு?"

திருப்பித் திருப்பிப் பாத்தாரு. தெரியல.

ஒண்ணை ரெண்டு செங்கல் மேல குறுக்க வச்சு, இரும்புக் குண்டைத் தொங்கவிட்டா. தாங்குச்சு. அடுத்தது படக்குனு ஒடிஞ்சிடுச்சு.

"இதை எவ்வளவு சுட்டீங்க?"

"ஐநூறு டிகிரிதான். கூடவே காத்து விட்டேன். தோலை விட்டுட்டு உள்ள தின்னுடுச்சு."

"காத்தே இல்லாம சுட்டா?"

"ரெண்டாயிரத்துலயும் ஜம்முனு நிக்கும். சூட்டுக்கு எங்க பயப்படுது அது!"

தணிகாசலம் உக்காந்துட்டாரு. உலைக்குள்ள எரிபொருளைத் தாங்குறதே அந்தக் கட்டைங்கதான்.

"கையெழுத்துப் போடலன்னா வேலையை விட்டே தூக்கிடுவாரு. நான் என்னம்மா பண்ண?"

ரஞ்சிதம் காத்துல சுட்ட கட்டை ரெண்டைத் தூக்கி, ரெண்டு ஸ்டூலுக்கு நடுவுல பாலம் மாதிரி போட்டா. அதுக்குள்ள டைரக்டரே வந்துட்டாரு.

"என்னய்யா, கையெழுத்து ஆச்சா?"

"வாங்க சார்," ரஞ்சிதம் கட்டையைத் தட்டிக் காமிச்சா. "உலைக்குள்ள பட்ட அதே சூடு, அதே காத்து. நல்லா பாத்துக்குங்க, ஒரு விரிசல் இல்ல. மேல ஏறி நில்லுங்க."

டைரக்டர் குனிஞ்சு பாத்தாரு. ஒரு காலைத் தூக்கினாரு. கீழ வச்சுட்டாரு.

"மொதல்ல தணிகாசலம் ஏறட்டும்யா."

தணிகாசலம் காகிதத்தை நாலா மடிச்சாரு.

"அந்தக் காகிதத்தை நீட்டினப்பவே அவரை ஏத்திட்டீங்க சார்," ரஞ்சிதம் சொன்னா. "இப்ப நீங்க ஏறுங்க."