பின்பாட்டுக்கு ஆளில்லை

பேர் மறந்துபோன ஓர் ஊரில் ஒரு குளம் இருந்ததாம், குளத்தில் தண்ணீர் இருந்ததாம், தண்ணீரில் தவளைகள் இருந்தனவாம், அந்தத் தவளைகளில் ஒருத்திதான் அஞ்சலை. ஆண் தவளைதான் கத்தும் என்று படித்தவர்கள் சொல்வார்கள். சொல்லட்டும், இந்தக் குளத்தில் எல்லாரும் கத்துவார்கள்.

கத்துவதற்கும் ஒரு முறை உண்டு. ஒருவர் முன்பாட்டு எடுப்பார், மற்றவர்கள் பின்பாட்டுப் பாடுவார்கள். கரையில் ஒரு கொக்கு ஒற்றைக் காலில் நிற்கும். நாலா பக்கமும் ஒரே இரைச்சலாக இருந்தால் எந்தத் தவளை எங்கே இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. அப்படித்தான் பிழைத்தார்கள்.

முன்பாட்டுக்காரன் இடும்பன், நல்ல கனத்த குரல். எல்லாரும் ‘கொர்ரக்’ என்றால் நம் அஞ்சலைக்கு மட்டும் ‘கிளுக்’ என்று வரும். என்ன செய்வாள், பிறவித் தொண்டை! ஒருநாள் இடும்பன் புதுப் பாட்டு எடுத்தான்.

“அஞ்சலை தொண்டையில அவரைக்கொட்டை,
கிளுக்குன்னு கத்துனா கிழியும் சட்டை!”

தவளைக்கு ஏது சட்டை என்று ஒருத்தரும் கேட்கவில்லை. கேலிப் பாட்டுக்கு எதுகை இருந்தால் போதும், அர்த்தம் யாருக்கு வேண்டும்? குளமே திருப்பிப் பாடியது.

அஞ்சலை அழுதாள். “அழுறா பாரு!” என்று இன்னும் உரக்கப் பாடினார்கள். மறுநாள், “உன் மூஞ்சி மட்டும் என்ன லட்சணமாடா?” என்று திட்டினாள். “கோவத்தைப் பாரு!” என்று அதையும் பாட்டில் சேர்த்தான். மூன்றாம் நாள், காதில் விழவே வேண்டாம் என்று தண்ணீருக்குள் போய் உட்கார்ந்தாள். தவளையானாலும் மூச்சுவிட மேலே வரத்தானே வேண்டும்? தலையை நீட்டினாள், பாட்டு காத்திருந்தது.

நாலாம் நாள் குளத்தை விட்டே போய்விட்டாள். அப்புறம் எங்கே போனாள் என்கிறீர்களா? வயலில் ஒரு மாட்டுக் குளம்படி, அதில் கொஞ்சம் தண்ணீர், அதில் போய் உட்கார்ந்துகொண்டாள். வெயில் ஏற ஏறத் தண்ணீர் வயிற்றளவு வந்தது, அப்புறம் பாதத்தளவு வந்தது, அப்புறம் வெறும் சேறு. முதுகுத் தோல் காய்ந்து இழுத்தது. இங்கே இருந்தால் நாளைக்குள் கருவாடு. அங்கே போனால் பாட்டு.

அப்போது தத்தித் தத்தி வந்தாள் கூட்டாளி ஒச்சம்மா.

“வீட்டுக்கு வாடி.”

“நீயும்தானே சேர்ந்து பாடுன?”

ஒச்சம்மா சேற்றைப் பார்த்தாள். “பாடலேன்னா என் முழிக்கண்ணைப் பாட்டாக் கட்டுவான்டி.”

அஞ்சலைக்குத் தூக்கிவாரிப் போட்டது. குளத்தோரம் போய் அடுத்தவனைக் கேட்டாள். “என் நொண்டித் தத்தலைப் பாட்டா எடுத்துருவான்.” அதற்கடுத்தவளைக் கேட்டாள். “என் முதுகுச் சொரசொரப்பு இருக்கே!” ஆக, அத்தனை பேரும் சிரித்தது பயத்தில்.

“அப்போ ஒண்ணு செய்வோம். திட்ட வேண்டாம், அடிக்க வேண்டாம். அந்தப் பாட்டை எடுத்தா வாயை மூடிக்குவோம்” என்றாள் அஞ்சலை.

கொக்கை மட்டும் யாரும் நினைத்துப் பார்க்கவில்லை.

மறுநாள் மதியம் மேகம் கறுத்தது. இடும்பன் தொண்டையைச் செருமினான். “அஞ்சலை தொண்டையில அவரைக்கொட்டை!” பதில் இல்லை. காது கேட்கவில்லை போலும் என்று இன்னும் உரக்க எடுத்தான். பதில் இல்லை. மூன்றாம் தடவை கரையே அதிர எடுத்தான். “அஞ்சலை தொண்டையில...”

லபக்!

ஒரே குரல் ஒரே இடத்திலிருந்து வந்தால் கொக்குக்கு வேறென்ன வேண்டும்? பின்னங்காலைக் கவ்வித் தூக்கிவிட்டது.

“ஐயோ, பாடுங்களேன்! யாராச்சும் பாடுங்களேன்!” என்று தலைகீழாகத் தொங்கிக்கொண்டு அலறினான்.

எல்லாரும் அஞ்சலையைப் பார்த்தார்கள். அவள் ஒரு நொடி யோசித்தாள். பொய் எதற்கு, இரண்டு நொடி யோசித்தாள். அப்புறம் கழுத்தை நீட்டி,

“கிளுக்!” என்றாள்.

ஒச்சம்மா “கிளுக்!” என்றாள். வடகரை கிளுக், தென்கரை கிளுக், தாமரை இலைக்கு அடியெல்லாம் கிளுக். இந்த மாதிரிச் சத்தத்தைக் கொக்கு பிறந்ததிலிருந்து கேட்டதில்லை. எதைப் பிடிப்பது என்று இந்தப் பக்கம் திரும்பி, அந்தப் பக்கம் திரும்பி, எல்லாவற்றையும் பிடிக்கும் ஆசையில் அலகைத் திறந்தது. இடும்பன் தொப்பென்று தண்ணீரில் விழுந்தான்.

கால் சுளுக்கிக்கொண்டது. நொண்டிக்கொண்டே வந்தவன், “நான் சும்மா வேடிக்கைக்குத்தானே பாடுனேன்...” என்று இழுத்தான்.

“வேடிக்கைன்னா அஞ்சலையும்ல சிரிச்சிருக்கணும்?” என்றாள் ஒச்சம்மா.

“தப்புதான் தாயி” என்று அஞ்சலையிடம் முனகினான். “கேட்கலை” என்றாள் அவள். முன்பாட்டுக்காரன் குரலிலேயே இன்னொரு தடவை சொன்னான். அந்த மழைக்காலம் முழுக்கக் கடைசி வரிசையில் உட்கார்ந்து பின்பாட்டுத்தான் பாடினான். அவன் நொண்டுவதை வைத்துப் பாட்டுக் கட்டலாம் என்று ஒரு பொடித் தவளை கேட்டதாம். வேண்டவே வேண்டாம் என்று சொன்னவள் அஞ்சலை.

ஆகையால் பிள்ளைகளே, ஒருத்தரை அழவைக்கும் பாட்டுக்கு நீங்கள் பின்பாட்டுப் பாடாதீர்கள். உங்களை வைத்து யாராவது பாடினால் தனியாகக் குளம்படியில் போய்க் காயாதீர்கள், யாரிடமாவது சொல்லுங்கள்.

தவளைகள் தண்ணீருக்குள்ளே, கொக்கு கரைமேலே, கதை உங்கள் காதுக்குள்ளே. கண்ணை மூடுங்கள்.