எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில்

"எஞ்சினை ஏனுங்க அவனுக்குக் குடுத்தீங்க?" என்று கேட்டார் மாரப்பன்.

திலகமணி குனிந்து ஒரு பழைய கியர்பாக்ஸின் மூடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"உங்களுக்கு எதைக் குடுத்தேனுங்கண்ணா?"

"கியர்பாக்ஸ்."

"அப்ப அதைப் பாருங்க" என்று துணியை அவர் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

மாரப்பனுக்கு ஐம்பத்திரண்டு வயது. கோயமுத்தூரில் இருபத்தைந்து வருஷம் லாரி எஞ்சின் பிரித்து மாட்டியவர். ஒருநாள் அவினாசி ரோட்டில் ஒரு சின்னக் கார் அவரைத் தாண்டிப் போனது. அப்படியொரு சத்தத்தை அவர் கேட்டதே இல்லை. விசாரித்தார். கணபதிப் பகுதியில் திலகமணி என்றொரு பெண் கட்டிய கார் என்றார்கள். பட்டறையைத் தம்பியிடம் விட்டுவிட்டு, தன்னைவிடப் பதினான்கு வயது இளையவளிடம் போய்க் கைகட்டி நின்றார்.

"எனக்கும் சொல்லிக் குடுங்க அம்மணி."

அங்கே கட்டுவது கிட் கார். சட்டமும் உடலும் துண்டுதுண்டாகப் பெட்டியில் வரும். எஞ்சினையும் கியர்பாக்ஸையும் நாமே தேடிப் பிடித்துச் சேர்க்க வேண்டும். இந்த முறை எஞ்சின் ஜப்பானிலிருந்து வந்திருந்தது. அதற்கென்று உள்ள கியர்பாக்ஸ் இந்தச் சட்டத்துக்குள் அடங்காது. அதனால் நம்மூர் ஜீப்பில் இருந்த கியர்பாக்ஸ் ஒன்றைக் காயலான் கடையில் எடுத்தார்கள்.

எஞ்சின் இலியாஸுக்குப் போனது. இலியாஸ் இரண்டு வருஷம் முன்புவரை ஸ்கூட்டர் மெக்கானிக். முப்பது வயதுதான்.

அவன் அந்த எஞ்சினைத் துண்டு போட்டு மூடி வைப்பான். காலையில் துண்டை எடுத்ததும் ஒரு தட்டுத் தட்டுவான். அவன் ஏதாவது சொல்ல, திலகமணி சிரிப்பார். சிரித்துக்கொண்டே எஞ்சின் மேல் கையை ஊன்றி நிற்பார்.

மாரப்பன் கியர்பாக்ஸின் துருவைச் சுரண்டிக்கொண்டே அந்தக் கையைப் பார்ப்பார்.

அவருடைய கியர்பாக்ஸ் மேல் யாரும் கை ஊன்றவில்லை.

ஒருநாள் திலகமணி இருவரையும் கூப்பிட்டார்.

"ரெண்டுக்கும் போல்ட் துளை ஒத்துப் போகாது. நடுவுல ஒரு அலுமினியத் தட்டு வேணும். இலியாசு, எஞ்சின் பக்கத்தை அளந்து எழுதிக் குடு. மாரண்ணா, நீங்க துளை போடுங்க. எஞ்சினோட நடுவும் கியர்பாக்ஸோட நடுவும் ஒரே கோட்டுல நிக்கணும்."

இலியாஸ் அளந்து, ஒரு தாளில் எழுதிக் கொடுத்தான்.

அன்று வெள்ளிக்கிழமை. மதியம் அவன் தொழுகைக்குப் போனான். திலகமணியும் வெளியே போயிருந்தார்.

மாரப்பன் மெதுவாகப் போய்த் துண்டை விலக்கினார். எஞ்சினைத் தொட்டார். சுற்றிச் சுற்றி வந்தார். பிறகு, கை சும்மா இருக்காமல், அளந்தார்.

மறுபடி அளந்தார்.

தாளில் இருந்த கணக்கு அரை மில்லிமீட்டர் தப்பு.

தாளையும் எஞ்சினையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு துண்டை முன்பு இருந்த மாதிரியே போர்த்தினார். தன் இடத்துக்கு வந்து, தாளில் இருந்தபடியே துளை போட்டார். ஒரு மயிரிழைகூட மாற்றவில்லை.

சொன்னதைத்தானே செய்தேன் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார்.

மூடிக்கிடந்த நூல் மில் ஒன்றின் பின்னால் நீளமான ரோடு. அங்கேதான் ஓட்டிப் பார்ப்பது வழக்கம். தட்டு ஏறிக் கார் முழுதும் சேர்ந்ததும் அங்கே கொண்டு போனார்கள்.

"எஞ்சின் என்னோடது. நான் ஓட்டறேனுங்கக்கா" என்றான் இலியாஸ்.

மாரப்பன் வேலியோரம் நின்றார். கார் கிளம்பியது. முதல் சுற்று நன்றாகவே போனது. இரண்டாவது சுற்றில் ஒரு கீச்சுச் சத்தம் எழுந்தது.

அந்தச் சத்தம் மாரப்பனுக்குப் புரிந்தது. ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, உள்ளுக்குள் இனித்தது.

அடுத்த நொடி பின் சக்கரங்கள் இறுகி நின்றன. கார் பம்பரமாகச் சுழன்று, ரோட்டை விட்டு இறங்கி, சோளக்காட்டுக்குள் போய் மறைந்தது.

மாரப்பன் ஓடினார். செருப்பு எங்கே கழன்றதென்று தெரியாது.

இலியாஸ் உயிரோடு இருந்தான். முழங்கையில் தோல் உரிந்திருந்தது. ஸ்டியரிங்கைப் பிடித்த கையை விட முடியாமல் உட்கார்ந்திருந்தான். மாரப்பன்தான் ஒவ்வொரு விரலாகப் பிரித்துவிட்டார்.

பட்டறைக்கு வந்து பிரித்தார்கள். ஜப்பான் எஞ்சினுக்கு ஒரு கீறல் இல்லை. நொறுங்கியது கியர்பாக்ஸின் பேரிங். மாரப்பன் மூன்று மாதம் துருவைச் சுரண்டிய கியர்பாக்ஸ்.

கட்டுப் போட்ட கையோடு இலியாஸ் சொன்னான்: "அளவு எழுதினது நானுங்கக்கா. தப்பு என்னோடது."

இந்த வார்த்தையைக் கேட்கத்தான் மாரப்பன் அந்தத் துளையைப் போட்டார். இப்போது கேட்டதும் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

திலகமணி தட்டைத் திரும்ப மாட்டி, நடு எவ்வளவு விலகியிருக்கிறதென்று முள் காட்டும் டயல் கேஜை எஞ்சின் பக்கம் பொருத்தினார்.

"சுத்துங்கண்ணா."

மாரப்பன் கையால் சுற்றினார். முள் ஆடியது.

"எவ்வளவு?"

"அரை மில்லி தள்ளி இருக்குதுங்க."

கேஜைக் கழற்றிக் கியர்பாக்ஸ் பக்கம் பொருத்தினார்.

"இப்ப?"

"அதே அரை மில்லி."

"எந்தப் பக்கத்துத் தப்புன்னு முள்ளு சொல்லுதுங்களா?"

"இல்லீங்க."

திலகமணி கேஜைக் கழற்றி மேசை மேல் வைத்தார்.

மாரப்பன் தரையைப் பார்த்தபடி சொன்னார்: "இலியாசு, அளவு தப்புன்னு எனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமையே தெரியும். தெரிஞ்சேதான் துளை போட்டேன்."

இலியாஸ் அவரையே பார்த்தான்.

"நான் உள்ள உக்காந்திருந்தேனுங்கண்ணா."

அவ்வளவுதான் சொன்னான். தன் பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டான். மறுநாளும் வரவில்லை.

மாரப்பன் ஸ்பேனர்களைப் பையில் போட்டுக்கொண்டு திலகமணி முன் வந்து நின்றார்.

"நான் கிளம்பறேனுங்க அம்மணி."

"புது பேரிங் யாருங்கண்ணா போடறது?"

பையைக் கீழே வைத்தார்.

மூன்றாம் நாள் இலியாஸ் வந்தான். மாரப்பன் இருந்த பக்கம் திரும்பவில்லை. திலகமணி ஒரு புது அலுமினியத் தட்டை எடுத்து அவன் கையில் கொடுத்தார்.

"இந்தத் தடவை துளை நீ போடு. மாரண்ணா, எஞ்சினை இனிமே நீங்க பாத்துக்குங்க. அளந்து அவனுக்கு எழுதிக் குடுங்க."

எஞ்சின் அவருக்கே வந்துவிட்டது. துண்டை எடுக்கும்போது கை கூசியது. ஒன்பது முறை அளந்தார். தாளை நீட்டினார். இலியாஸ் அவர் முகத்தைப் பார்க்காமலே வாங்கிக்கொண்டு போய், முதுகைக் காட்டி உட்கார்ந்து துளை போட்டான்.

தாளில் இருந்தபடி போட்டானா, வேறு மாதிரி போட்டானா, மாரப்பனுக்குத் தெரியாது. கேட்கவும் வாய் வரவில்லை.

தட்டு நடுவில் ஏறியது. போல்ட்டுகள் இறுகின. காரை மறுபடி மில் ரோட்டுக்குக் கொண்டு போனார்கள்.

"யாரு ஓட்டறது?" என்றார் திலகமணி.

கேட்டுவிட்டு அவரே சாவியை மாரப்பனிடம் நீட்டினார்.

மாரப்பன் வாங்கினார்.

"ஓட்டறதுக்கு முன்னால ஒருக்கா டயல் கேஜ் வெச்சுப் பாத்துரலாமுங்களா அம்மணி?"

"எதுக்குங்கண்ணா?"

மாரப்பனின் பார்வை இலியாஸ் பக்கம் போய்த் திரும்பியது.

உள்ளே ஏறி உட்கார்ந்தார். பெல்ட்டை மாட்ட மூன்று முறை முயன்றார். எதிரே ரோடு, அதன் பக்கத்தில் நசுங்கிக் கிடந்த சோளத் தட்டைகள். சாவியைப் போட்டார். திருப்பவில்லை.

பக்கத்துக் கதவு திறந்தது.

இலியாஸ் குனிந்து உள்ளே வந்தான். கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, மறு கையால் பெல்ட்டை இழுத்து மாட்டினான்.

"நீ எதுக்குப்பா?" என்றார் மாரப்பன்.

"தட்டு நான் செஞ்சதுதானுங்களே."