ஐந்தாம் நாள் முறைப்பாடு

நீதிபதி சிவகடாட்சம் ஐயாவை விட எங்கள் மடத்து அம்மா வயதில் இளையவர். ஆனாலும் குரு குருதான். ஐயா வந்தால் அம்மாவின் காலடியில்தான் இருப்பார். அன்று வந்தவர் கும்பிடக்கூட இல்லை. முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

"அம்மா, என்ரை வழக்கை மேன்முறையீட்டிலை உடைச்சுப் போட்டாங்கள்."

வதனி என்ற பெண்ணை, அவள் வேலை செய்த கடை முதலாளி பலாத்காரம் செய்தார் என்று வழக்கு. ஏழு ஜூரிமாரும் அரை மணித்தியாலத்தில் முதலாளியை விட்டுவிட்டார்கள். மூன்று வருடம் கழித்து இப்போது, ஐயா ஜூரிமாருக்குச் சொன்ன அறிவுறுத்தலே பிழை, திரும்ப விசாரியுங்கள் என்று தீர்ப்பு. அந்தப் பிள்ளை மறுபடியும் கூண்டில் ஏறி எல்லாவற்றையும் சொல்ல வேண்டும்.

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?" என்று அம்மா கேட்டார்.

"பெரிசா ஒண்டுமில்லை. அவள் கத்தேல்லை. அடுத்த நாளும் வேலைக்குப் போய் அவரோடை தேத்தண்ணி குடிச்சவள். அஞ்சாம் நாள்தான் பொலிசுக்குப் போனவள். உண்மையிலை நடந்திருந்தா ஒருத்தி இப்பிடி இருப்பாளோ, யோசியுங்கோ எண்டனான். இதிலை என்ன பிழை?"

நான் மடத்துச் சமையற்காரன். தேநீரை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். அம்மா சொன்ன பதில் எனக்குத் தெரியாது.

ஐயா நாலு நாள் தங்கினார். விடியற்காலை அம்மாவைக் கும்பிட்டார். அம்மா கையால் தேநீர் வாங்கிக் குடித்தார். என் கத்தரிக்காய்க் குழம்பு நன்றாக இருக்கிறது என்று இரண்டாம் முறையும் கேட்டு வாங்கினார்.

ஐந்தாம் நாள் காலை, நான் பரிமாறிக்கொண்டிருக்கும்போது, தலையைக் குனிந்தபடி கேட்டார்.

"அம்மா, அண்டைக்கு ஏன் எனக்குக் கன்னத்திலை அடிச்சனீங்கள்?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அம்மாவா? இருபது வருடமாக ஒரு நுளம்பைக்கூட அடிக்காத அம்மாவா? எனக்கு வந்ததே கோபம்.

"ஐயாவுக்கென்ன விசரே? ஆரைப் பார்த்து என்ன கதைக்கிறீங்கள்!"

அம்மா என்னைக் கையமர்த்தினார். "அடிச்ச நேரம் கத்தினனீங்களோ?"

"இல்லை."

"ஏன்?"

"நீங்கள் அடிப்பீங்கள் எண்டு நான்... கை கால் ஓடேல்லை."

"அடுத்த நாள் என்ரை கையாலை தேத்தண்ணி குடிச்சனீங்கள்."

"வேறை என்ன செய்யிறதெண்டு தெரியேல்லை, அம்மா."

அம்மா என் பக்கம் திரும்பினார். "மயில்வாகனம், நீ சொல்லு. ஐயா அடி வாங்கின ஆள் மாதிரியோ இருந்தவர்?"

"சத்தியமா இல்லை. குழம்பைக் கேட்டுக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டவர்."

ஐயா சாப்பாட்டை விட்டு எழுந்துவிட்டார். எத்தனை பேருக்குத் தீர்ப்புச் சொன்ன மனுசன், என்னிடம், ஒரு சமையற்காரனிடம், கையெடுத்துக் கும்பிட்டார்.

"நடந்தது, தம்பி. உண்மையா நடந்தது. என்னை நம்பு."

நான் நம்பவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"ஓம். அடிச்சனான்," என்றார் அம்மா.

என் கையிலிருந்த அகப்பை விழுந்தது. அதை எடுக்கவும் தோன்றவில்லை. ஐயாவின் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது.

அம்மா அவரை மட்டும் பார்த்தார்.

"இனிச் சொல்லுங்கோ, ஐயா. அந்த ஏழு பேரையும் என்னத்தை யோசிக்கச் சொன்னனீங்கள்?"