வாய் திறக்காத கண்டன்சர்

ஒரு மைக் செட்டுப் பெட்டிக்குள் கண்டன்சர் ஒன்று குடியிருந்தது. உள்ளே இருப்பதைப் பற்றி வாய் திறக்காத ஜீவன். வருகிற மின்சாரத்தையெல்லாம் வயிற்றில் வாங்கி வைத்துக்கொண்டு, கேட்கிற நேரத்தில் கொடுக்கும். அதன் தலைக்கு மேலே, கண்ணாடிக் குமிழ் போன்ற இரண்டு பவர் வால்வுகள் சிவந்து எரியும்; தொட்டால் சுட்டுவிடும்.

“எப்பப் பார்த்தாலும் கொதிச்சுக்கிட்டு! என்னைப் பாரு, ஒரு நாளாவது சூடு காட்டியிருக்கேனா?” என்று கண்டன்சர் பெருமையடித்துக்கொள்ளும்.

அதற்குப் பக்கத்தில் குட்டி ரெசிஸ்டர் ஒன்று. செட்டை அணைத்த பிறகு, கண்டன்சரின் வயிற்றில் மிச்சமிருப்பதைக் கொஞ்சங்கொஞ்சமாக வடித்துவிடுவது அதன் வேலை. போன திருவிழாவுக்கு வேனில் போன குலுக்கலில் அதன் கால் ஒடிந்துவிட்டது.

“இனி என்னால வடிக்க முடியாதே. என்ன பண்ணுவே?” என்றது ரெசிஸ்டர்.

“உள்ளேயே வச்சுக்குவேன். எனக்கென்ன புதுசா?” என்றது கண்டன்சர்.

மாதா கோயில் கொடியேற்றத்தன்று பாட்டு கரகரத்தது. வால்வுகள் ஓய்ந்துபோயிருந்தன. செட்டின் சொந்தக்காரன் மிக்கேல் கம்பத்தின் உச்சியில் ஒலிபெருக்கிக் குழாயைக் கட்டிக்கொண்டிருந்தான். கீழே அவன் மனைவி ஜெசிந்தா செட்டை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, துணியைச் சுற்றி ஒரு வால்வைக் கழற்றினாள். அதன் சாக்கெட் தளர்ந்து கிடந்தது. அடியிலிருந்து இறுக்கினால்தான் புது வால்வு ஆடாமல் நிற்கும். பெட்டியை ஒருக்களித்து நிறுத்தினாள்.

“என்னடி, அடைகாக்குறியா? சாமியாரே வந்தாச்சு. உன்னை நம்பிச் செட்டை விட்டேன் பாரு!” என்று மேலிருந்து கத்தினான் மிக்கேல். கூட்டம் சிரித்தது.

அடியில் கை வைக்குமுன், மிச்ச மின்சாரத்தை இறக்கிவிடும் வடிகம்பியை மாட்டி, மின்சாரம் நெஞ்சு வழியே பாயாமலிருக்க இடது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்வது அவள் வழக்கம். அந்தச் சிரிப்பில் இரண்டும் மறந்துபோயின. இடது கையால் பெட்டியைப் பிடித்தபடி வலது கையை உள்ளே விட்டாள்.

கண்டன்சர் அலறியது. “ஐயோ, வயிறு முட்ட இருக்கே. தொட்டா செத்துருவா.”

“இறக்கி வையேன்,” என்றது மிஞ்சியிருந்த வால்வு.

“தானா இறக்க எனக்குத் தெரியாதே. நீ வாங்கிக்கயேன்.”

“தெம்பிருந்தா வாங்கமாட்டேனா? எங்கிட்ட மிச்சமிருக்கிறது சூடு மட்டும்தான்.”

அந்தச் சூடுதான் உதவியது. பெட்டியைப் பிடித்திருந்த அவளுடைய இடது மணிக்கட்டு வால்வில் உரசி, சுரீரென்றது. இரண்டு கையையும் வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

அப்போதுதான் மறந்தது நினைவுக்கு வந்தது. இடது கை முதுகுக்குப் போனது. மீட்டரை வைத்துப் பார்த்தாள். பிளக்கைப் பிடுங்கிய செட்டில் முள் எகிறி நின்றது.

“இவ்வளவையும் வச்சுக்கிட்டா ஒண்ணும் தெரியாத மாதிரி உட்கார்ந்திருந்தே?” என்றாள், கண்டன்சருக்கு மட்டும் கேட்கிற குரலில்.

வடிகம்பியை மாட்டினாள். முள் மெல்ல மெல்லக் கீழே இறங்கியது. கண்டன்சருக்கு அழுது முடித்தாற்போல இருந்தது.

ரெசிஸ்டரின் காலைப் பற்றவைத்து, சாக்கெட்டை இறுக்கினாள். சூடு ஆறிய பழைய வால்வையும் கழற்றிவிட்டுப் புது ஜோடியை மாட்டினாள். பாட்டு தெளிவாக எழுந்தது.

மிக்கேல் இறங்கி வந்தான். “ஏன் மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு? கோவமா?”

‘ஒண்ணுமில்லைங்க’ என்பது அவள் நாக்கு நுனி வரை வந்தது. கல்யாணமான நாளிலிருந்து அதுதான் பதில். கண்டன்சர் காதைத் தீட்டிக்கொண்டது.

“ஆமாங்க, இருக்கு,” என்றாள் ஜெசிந்தா. “உட்காருங்க, சொல்றேன்.”