வைஃபை பெட்டிக்குக் காவல்

குற்றால மலையடிவாரத்தில் ஒரு தியான இல்லம். அதை நடத்தியவர் மங்கையர்க்கரசி அம்மா. அவரைவிட வயதில் மூத்தவர்கள்கூட அவரிடம் சீடர்களாக இருந்தார்கள். இசக்கியப்பன் அவர்களில் ஒருவர். பஸ் டெப்போவில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். எது பழுதானாலும் பிரித்துப் போட்டு ஒரு கை பார்க்காமல் விடமாட்டார்.

ஒரு வியாழக்கிழமை காலை அவர் லேப்டாப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அம்மாவின் முன்னால் வந்து நின்றார்.

"அம்மா, இன்னைக்கு நான் தியானத்துக்கு வரல. இந்த வைஃபைக்கு ஒரு முடிவு கட்டாம கண்ணை மூடப் போறதில்ல."

"என்ன செய்யுது?"

"வருது, நிக்குது, போகுது. ஞாயித்துக்கிழமை என் மக கூப்பிட்டாம்மா."



மகள் பொன்னரசி மெல்பர்னில் இருக்கிறாள். அப்பாவும் மகளும் பேசி நாலு வருஷம் ஆகிறது. இசக்கியப்பனுக்கு மூக்கு நுனியில் கோபம். போனில் பிடிக்காத வார்த்தை ஒன்று காதில் விழுந்தால் போதும், எதிரே இருப்பவர் சொல்லி முடிக்குமுன் பட்டென்று கட் பண்ணிவிடுவார். மனைவி, தம்பி, தம்பியின் சம்பந்தி என்று ஒருவரும் தப்பியதில்லை. மகள் தான் விரும்பிய பையனைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தபோதும் அதையேதான் செய்தார். அவனையே கல்யாணம் பண்ணிக்கொண்டாள், அப்பாவை மட்டும் அதன்பிறகு கூப்பிடவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அவளே வீடியோவில் வந்தாள். பேச ஆரம்பிப்பதற்குள் போய்விட்டது. மறுபடியும் கூப்பிட்டாள். மறுபடியும் போய்விட்டது. பிறகு ஒரு மெசேஜ் மட்டும் வந்தது: 'இன்னும் கட் பண்றதை விடலியாப்பா?'

"நான் பண்ணலன்னு எழுதினேன். அவ நம்ப மாட்டேங்குதா. வர்ற ஞாயித்துக்கிழமை இன்னும் ஒரே தடவை கூப்பிடுவாளாம். அதுவும் போச்சுன்னா போச்சு, இனிமே கிடையாதுன்னுட்டா."

"என்னவெல்லாம் செஞ்சு பார்த்தீங்க?"

"என்ன செய்யல? பாஸ்வேர்டை அழிச்சுட்டுத் திரும்பப் போட்டேன். கடையில குடுத்து சாஃப்ட்வேர் புதுசா ஏத்தினேன். தென்காசிக்குப் போய், லேப்டாப்புல சொருகுற வைஃபை குச்சி ஒண்ணு வாங்கிட்டு வந்தேன். ஜன்னல், மாடிப்படி, பூஜை அறைன்னு உட்காராத இடமில்ல. சிக்னல் முழுசா காட்டுது, ஆனா நிக்குது."

"நின்னா என்ன செய்வீங்க?"

"ஓடிப்போய் வராந்தாவுல இருக்குற வைஃபை பெட்டியை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுவேன். பொறவு தன்னால வந்துரும்."

அம்மா வராந்தாப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"நாளைக்குக் காலையில அந்தப் பெட்டிப் பக்கத்துல நாற்காலி போட்டு உட்காருங்க. சாயங்காலம் வரைக்கும் சுவிட்சை யாரும் தொடக் கூடாது."

"தொட்டுருவாங்களா? நான் பார்த்துக்கிடுதேன்."

"நீங்களும் தொடக் கூடாது."

இது இசக்கியப்பனுக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் தலையாட்டினார்.

இல்லத்தில் தங்கியிருந்த அத்தனை பேருக்கும் அந்த ஒரே பெட்டிதான். மறுநாள் காலை அதன் கீழே நாற்காலியைப் போட்டு, மடியில் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, எல்லைச்சாமி மாதிரி உட்கார்ந்துவிட்டார்.

முதலில் வந்தது சமையல் பார்க்கும் கோமு. கையில் கரண்டி. யாரையும் பார்க்காமல் நேரே சுவிட்சுக்குக் கையை நீட்டினாள்.

"ஏய், ஏய்! என்னது?"

"போன்ல பாட்டு நின்னு போச்சுண்ணே. ஒரு தட்டு தட்டிட்டுப் போயிருதேன்."

"எப்பவும் இப்படித்தான் தட்டுவியா?"

"நின்னா தட்டுவேன். நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க? எல்லாருக்கும் நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க?"

"இன்னைக்குக் கூடாது. அம்மா சொல்லிட்டாங்க."

"பாட்டில்லாம எனக்கு வேலை ஓடாதுண்ணே."

அவர் கையை விரித்து மறிக்க, அவள் கரண்டியை ஆட்டி வழக்காட, அடுக்களைக்குள்ளிருந்து பாட்டு மறுபடியும் கேட்டது. யாரும் எதையும் தொடவில்லை. கோமு அவரைப் பார்த்தாள். அவர் பெட்டியைப் பார்த்தார். "அதிசயந்தான்" என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள்.

சற்று நேரத்தில் அவருடைய லேப்டாப்பிலேயே ஓடிக்கொண்டிருந்த செய்தி நின்றது. வாசித்துக்கொண்டிருந்த பெண் வாயைத் திறந்தபடி அப்படியே இருந்தாள். இசக்கியப்பனின் வலது கை தானாக மேலே போனது. இடது கையால் அதைப் பிடித்து இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். ஒரு வாய் காப்பி குடிக்கிற நேரம்கூட ஆகியிருக்காது, அந்தப் பெண் விட்ட இடத்திலிருந்து வாசிக்க ஆரம்பித்தாள்.

பிற்பகலில் மாடியிலிருந்து ரெங்கன் வாத்தியார் இறங்கி வந்தார். கிரிக்கெட்டை விட்டுவிட்டுக் கடவுளைத் தேட வந்ததாக எல்லோரிடமும் சொல்லிக்கொள்பவர். கடவுளை மட்டும் இன்னும் தேடிக்கொண்டிருந்தார்.

"தள்ளும்வே, பெட்டியை ஒரு தடவை அணைச்சுப் போடணும்."

"முடியாது. பேசாம நில்லும், அதுவா வரும்."

"அதுவா வருமா? நல்லா வந்துச்சு போன ஞாயித்துக்கிழமை! கடைசி ஓவர். எவனோ புண்ணியவான் பெட்டியை அணைச்சுட்டான். திரும்ப வந்த பொறவும் என் போன்ல சுத்திக்கிட்டே கிடந்துச்சு. நான் இறங்கி வந்து இன்னொரு தடவை அணைச்சுப் போட்டேன்."

இசக்கியப்பன் எழுந்துவிட்டார். லேப்டாப் கீழே விழப்பார்த்தது.

"சாயங்காலமா?"

"ஆமா."

"நீருதானா அது? என் மக லைன்ல இருந்தா வே! நாலு வருஷம் கழிச்சுக் கூப்பிட்டா! அதைப் போய் அணைச்சிருக்கீரே, உமக்கு மனசாட்சி இருக்கா?"

வாத்தியார் பயந்து ஓரடி பின்னால் போனார்.

"எனக்கு என்னவே தெரியும்? எனக்கு முந்தி ஒருத்தன் அணைச்சான்லா, அவனைப் போய்க் கேளும்!"

இசக்கியப்பன் பேயறைந்தவர் மாதிரி நின்றார். பிறகு மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார். வாத்தியார் எப்போது போனார் என்று அவருக்குத் தெரியாது.

சாயங்காலம் அம்மாவிடம் போனார். முகத்தை நிமிர்த்தவில்லை.

"அம்மா, அன்னைக்கு மொதல்ல படம்தான் நின்னுச்சு. லைன் போகல. நான்தான் ஓடிப்போய்ப் பெட்டியை அணைச்சேன். என் மக சொன்னது நிசம்மா. நான்தான் கட் பண்ணியிருக்கேன்."

சொல்லும்போதே அழுதுவிட்டார். அம்மா தண்ணீர் எடுத்துக் கொடுத்தார்.

குடித்துவிட்டு இசக்கியப்பன் கண்ணைத் துடைத்தார். மறுபடியும் ஃபோர்மேன் ஆகிவிட்டார்.

"நாளைக்கே ஒரு மரக்கூடு அடிச்சு, பெட்டியை உள்ளே வச்சுப் பூட்டிருதேன். ஒரு பயல் தொட முடியாது."

"சாவி யார்கிட்ட இருக்கும்?"

"என்கிட்டதான்."

"அப்புறம் எதுக்குப் பூட்டு?"

இசக்கியப்பன் கூடு அடிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வாத்தியார் போனை அணைத்துத் தலையணைக்குக் கீழே வைத்துவிட்டதாகத் தானே வந்து சொன்னார். கோமு பாட்டில்லாமல் பாத்திரம் கழுவினாள். இசக்கியப்பன் கூடத்து மேசையில் லேப்டாப்பை வைத்துவிட்டு, "நீங்க கொஞ்சம் பக்கத்துல இருங்கம்மா" என்றார். அம்மா சற்றுத் தள்ளி உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவத் தொடங்கினார்.

பொன்னரசி வந்தாள். இளைத்திருந்தாள்.

"சாப்பிட்டீங்களாப்பா?"

"ஆச்சும்மா. நீ?"

"ம்."

இசக்கியப்பன் தொண்டையைச் செருமினார்.

"மாப்பிள்ளை நல்லாருக்காரா?"

அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து அவள் கேட்டதே இல்லை. அவளுக்குக் கண் நிறைந்தது. ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். படம் நின்றது. சத்தமும் இல்லை.

இசக்கியப்பன் காத்திருந்தார். திரை அசையவில்லை. இன்னும் காத்திருந்தார். கால்கள் தாமாகவே நாற்காலியைப் பின்னால் தள்ளின. பாதி எழுந்துவிட்டார்.

"அம்மா, போச்சு! அவ தெரியல. நான் கட் பண்ணிட்டேன்னு நினைச்சுருவாளே, இப்ப என்ன செய்ய?"

அம்மா கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"உங்களுக்குத்தான் அவ தெரியல. அவளுக்கு நீங்க இன்னும் தெரிஞ்சுக்கிட்டு இருக்கலாம். உட்காருங்க."