கெண்டைக்குக் கிடைத்த உத்தியோகம்

முன்னொரு காலத்தில், தாகத்தைவிடப் பயம் அதிகமாக எடுத்த ஒரு ராஜா இருந்தார். பக்கத்து நாட்டு ராஜா கெட்ட தண்ணீர் குடித்துச் செத்தார் என்று கேள்விப்பட்டதிலிருந்து சொம்பை வாய்வரை கொண்டுபோய்த் திரும்பக் கீழே வைத்துவிடுவார்.

"வாய்க்கால் நீரை நமக்கு முன் குடித்துப் பார்க்க ஒரு காவலன் வேண்டும். அவன் இரவும் பகலும் நீரை விட்டு அகலக் கூடாது. உறங்கும்போதும் இமை மூடக் கூடாது!" என்றார் சபையில்.

மந்திரி விருத்தகிரி எழுந்தார். "பிரபு, நம் விகடகவி பேச்சிமுத்துவே இதற்குத் தகுந்தவர். தவறினால் சிரச்சேதம்." முன்பு ஏரியில் தூர் அள்ளிக்கொண்டிருந்த பேச்சிமுத்து இப்போது ராஜாவுக்குப் பக்கத்தில் உட்காருவது மந்திரிக்குப் பொறுக்கவில்லை.

பேச்சிமுத்து கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டான். மறுநாள், வாய்க்கால் அரண்மனைக்குள் நுழையும் இடத்தில் இருந்த கல்தொட்டியில் ஒரு கெண்டையை விட்டான்.

"இந்தாங்க மகாராஜா, காவக்காரன். தண்ணிய விட்டு நகர மாட்டான். இமையே கெடையாது, எங்க மூடுறது?"

ராஜா சிரித்துவிட்டார். மந்திரிக்கு வயிறு எரிந்தது. "அரசரின் காவலன் இத்தனை நோஞ்சானா?" என்று முழங்கை நீள விரால் ஒன்றைக் கொண்டுவந்து, அதே வாய்க்கால் நீர் பாயும் பக்கத்துத் தொட்டியில் விட்டார்.

ஒருநாள் காலையில் கெண்டை வாயைப் பிளந்துகொண்டு ஒருபக்கமாய்ச் சாய்ந்தது. பேச்சிமுத்து அதை அள்ளிக் கிணற்றுத் தண்ணீர்க் குடத்தில் போட்டுவிட்டு, தொட்டிப் பக்கம் வந்துகொண்டிருந்த ராஜாவிடமும் மந்திரியிடமும் ஓடினான்.

"குடிச்சிராதீங்க மகாராஜா! மதகை அடைக்கச் சொல்லுங்க, ஊர்ச்சனமும் இதைத்தான் மொள்ளுது!"

"அச்சம் வேண்டாம் பிரபு," என்றார் மந்திரி. "அடியேனின் விரால் கம்பீரமாய் நீந்துகிறது."

"அது மேல வந்து காத்தைக் குடிச்சுக்கும் சாமி. சேத்துல கெடந்தாலும் சாவாது, தூர் அள்ளுறப்ப எத்தனை பாத்திருக்கேன்! எதையும் தாங்குற பயலை வெச்சுக்கிட்டு, தண்ணி கெட்டதை எப்படிக் கண்டுபிடிப்பீங்க?" தொட்டியில் மொண்டு சொம்பை நீட்டினான். "நம்பிக்கை இருந்தா ஒரு வாய் குடிங்க."

முந்தின நாள் தன் சாயப்பட்டறைத் தொட்டிகளைக் கழுவி வாய்க்காலில் விட்டது மந்திரிக்கு அப்போதுதான் உறைத்தது.

"இன்று... அடியேனுக்கு விரதம். தண்ணீரும் ஆகாது."

"வெற்றிலை போட்டு வாய் சிவந்திருக்கிறதே, மந்திரி?" என்றார் ராஜா.

மந்திரி குழறிக் குழறி உண்மையைச் சொல்லிவிட்டார்.

"பட்டறையை மூடும். வாய்க்கால் தெளியும்வரை ஊராருக்குக் கிணற்றுத் தண்ணீரை நீரே சுமந்து ஊற்றும்!" என்று உத்தரவிட்டார் ராஜா.

குடத்துக்குள் கெண்டை நிமிர்ந்து வாலாட்டியது. "பொழச்சிட்டியாடா என் ராசா!" என்றான் பேச்சிமுத்து.

"கெண்டைக்கு ஆயுள் முழுக்க உத்தியோகம். விராலை என்ன செய்யலாம்?" என்றார் ராஜா.

"மந்திரி ஆசையா கொண்டாந்த மீன். கொழம்பு வெச்சு அவரே சாப்பிடட்டும் மகாராஜா."

"ஐயோ பிரபு, அடியேனுக்கு இன்னும் விரதம் முடியவில்லை!"

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்தபடியே தன் முத்துமாலையைக் கழற்றி, மந்திரி வெட்டக் கேட்ட அதே கழுத்தில் போட்டார்.